.22 ரிம்ஃபயர் ரைஃபிளில் நெடுந்தூர இலக்குச் சுடுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

0.22 அங்குலக் குழல் கொண்ட .22 ரைஃபிளில் 50 மீட்டரில் நிதானமாகச் சுடப் பழகியவர்கள், 100 மீட்டரையும் 200 மீட்டரையும் எட்டிப் பார்க்க ஆசைப்படும்போது கேட்கிற கேள்விகள் இவை. படிக்கும் முன் இரண்டு விஷயம். "தோட்டா" என்று எழுதினால் கூடு, மருந்து, குண்டு எல்லாம் சேர்ந்த முழுத் தோட்டா. "குண்டு" என்றால் குழலை விட்டுப் பறந்து போகும் ஈயத் துண்டு மட்டும். அப்புறம், இங்கே வரும் கணக்குகள் 40 கிரெய்ன் (2.6 கிராம்) குண்டு, வினாடிக்குச் சுமார் 325 மீட்டர் வேகம், 50 மீட்டரில் ஜீரோ (அந்தத் தூரத்தில் குறி வைத்த இடத்திலேயே குண்டு படும்படி ஸ்கோப்பை அமைப்பது) என்ற அடிப்படையில் போட்ட தோராயக் கணக்குகள். உங்கள் ரைஃபிளில் கொஞ்சம் முன்பின் இருக்கும்.

.22க்கு எது நெடுந்தூரம்?

100 மீட்டரைத் தாண்டினாலே நெடுந்தூரம்தான். ஒலிம்பிக் வகைப் போட்டிகளில் .22 ரைஃபிள் சுடுவது 50 மீட்டரில். அங்கே பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். அந்தத் தூரத்தில் குண்டு ஏறக்குறைய நேராகப் போவது போலத் தோன்றும், காற்றின் சேட்டையும் ஓரளவுக்கு அடங்கியிருக்கும். 100 மீட்டரில் அதே குண்டு பார்வைக் கோட்டுக்கு 22 செ.மீ. கீழே இறங்கிவிடுகிறது. 200 மீட்டரில் 1.6 மீட்டர். 300 மீட்டரில் 4 மீட்டருக்கும் மேல்.

பெரிய சென்டர்ஃபயர் (பற்றவைக்கும் மருந்து தோட்டா அடியின் நடுவில் இருக்கும் வகை) ரைஃபிள் வைத்திருப்பவர்கள் 800, 900 மீட்டரில் சந்திக்கும் சிக்கல்களை .22 நமக்கு 200 மீட்டரிலேயே தந்துவிடுகிறது. இதை ஒரு குறையாக நினைக்காதீர்கள். காற்றைப் படிக்கவும் தூரத்தைத் துல்லியமாக அளக்கவும் இதைவிடச் சிக்கனமான பயிற்சி எனக்குத் தெரிந்து வேறில்லை.

சின்னத் தோட்டாதானே, பாதுகாப்பில் என்ன பெரிய கவலை?

இந்த எண்ணம்தான் எனக்குப் பயம் தருவது. .22 தோட்டா ஒன்றரை மைல் தூரம் வரை, அதாவது ஏறக்குறைய 2.4 கிலோமீட்டர் வரை, ஆபத்தானது. தூரம் கூடக் கூட ரைஃபிளின் வாயை மேலே தூக்கிச் சுடுகிறோம் என்பதால் பின்தடுப்பு (இலக்குக்குப் பின்னால் குண்டைத் தடுக்கும் மேடு) இன்னும் உயரமாகவும் அகலமாகவும் இருக்க வேண்டும். மெதுவாகப் போகும் ஈயக் குண்டு பாறை, உறைந்த மண், தண்ணீர் எதில் பட்டாலும் எகிறிப் போகும். அனுமதி பெற்ற சுடுதளத்தில், உங்கள் நாட்டின் உரிமச் சட்டப்படி, அந்தத் தளத்தின் அலுவலர் சொல்வதைக் கேட்டு மட்டுமே சுடுங்கள். திறந்த வெளி கிடைத்தது என்று ஒருநாளும் 200 மீட்டர் முயற்சி வேண்டாம்.

கண்ணாடியும் காதுக் காப்பும் எப்போதும் வேண்டும். எஃகுத் தகட்டைச் சுடுவதாக இருந்தால் அது முன்பக்கம் சற்றுச் சாய்ந்து தொங்க வேண்டும், சிதறல் தரையை நோக்கிப் போகும். விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் இலக்கை நோக்கியபடியே 30 வினாடி காத்திருந்து, பிறகு போல்ட்டை (தோட்டா உட்காரும் அறையை மூடும் தாழை) திறங்கள். ரிம்ஃபயரில் இது அடிக்கடி நடக்கிற விஷயம் என்பதால் பலர் அவசரப்பட்டுவிடுகிறார்கள். சுட்டு முடித்ததும் கை கழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள். ஈயம் கையில் ஒட்டியிருக்கும்.

புது ரைஃபிள் வாங்க வேண்டுமா?

முதலில் வேண்டாம். கையில் இருக்கும் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் 50 மீட்டரில் ஐந்து குண்டுகளை 15 மில்லிமீட்டருக்குள் தொடர்ந்து போட்டால், அதை வைத்தே 200 மீட்டர் வரை நிறையக் கற்கலாம். "தொடர்ந்து" என்பதுதான் இங்கே முக்கியம். ஒரே ஒரு நல்ல குரூப்பை (ஒரே குறிக்குச் சுட்ட குண்டுகளின் தொகுப்பு) படம் எடுத்து வைத்துக்கொள்வது எதையும் நிரூபிக்காது. ஒரே நாளில் ஐந்து குரூப் சுட்டு, ஐந்தின் சராசரியைப் பாருங்கள். கையில் இருக்கும் பணத்தைத் தோட்டாவிலும் ஸ்கோப்பிலும் போடுங்கள்.

எந்தத் தோட்டா நல்லது?

இதற்கு ஒரு வரியில் பதில் சொல்லும் யாரையும் நம்பாதீர்கள். .22 குழல் ஒவ்வொன்றுக்கும் ஒரு விருப்பம் உண்டு. ஒரே தொழிற்சாலையில் அடுத்தடுத்து வந்த இரண்டு ரைஃபிள்கள்கூட வெவ்வேறு தோட்டாவைக் கேட்கும். சென்டர்ஃபயர் சுடுகிறவர் தன் ரைஃபிளுக்கு ஏற்ற மாதிரி மருந்தை அளந்து போட்டுத் தோட்டாவைத் தானே நிரப்பிக்கொள்ளலாம். நமக்கு அந்த வழி இல்லை. ரிம்ஃபயர் தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து கூட்டின் அடிவிளிம்புக்குள்ளேயே இருக்கிறது. அந்த விளிம்பை ஊசி நசுக்கித்தான் வெடிக்க வைக்கிறது. அதனால் கூட்டை மறுபடி நிரப்ப முடியாது. தேர்ந்தெடுப்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது.

தேர்வை இப்படிச் செய்யுங்கள். எலி (Eley), லாப்புவா, எஸ்.கே., ஆர்.டபிள்யூ.எஸ்., சி.சி.ஐ. போன்ற தயாரிப்பாளர்களின் பெயர்களில் ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி (ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் கீழே கிளம்பும்) அல்லது மேட்ச் (போட்டிக்கான) வகையில் நான்கைந்து பெட்டி வாங்குங்கள். காற்றில்லாத நாளில், நல்ல தாங்கலில் ரைஃபிளை வைத்து, ஒவ்வொன்றிலும் ஐந்து குண்டுக் குரூப்பாக ஐந்து முறை சுடுங்கள். ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது முதல் 20, 25 குண்டுகளைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஒவ்வொரு தயாரிப்பாளரும் குண்டின் மேல் பூசும் மெழுகும் கொழுப்பும் வேறு. பழைய பூச்சு போய்ப் புதியது குழலுக்குள் படிய அத்தனை குண்டு தேவைப்படும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் நல்ல தோட்டாவை ஒதுக்கியவர்கள் பலர். நானும் ஆரம்பத்தில் அப்படி ஒரு வகையை ஒதுக்கிவிட்டு, ஒரு வருடம் கழித்து அதற்கே திரும்பி வந்தேன்.

சரி, பிடித்த வகை கிடைத்தாயிற்று. வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. பெட்டியின் மேல் லாட் எண் என்று ஒன்று அச்சிட்டிருக்கும். ஒரே பெயர், ஒரே விலை, ஆனால் லாட் மாறினால் வேகமும் சீர்மையும் மாறலாம். நன்றாக ஓடும் லாட் கிடைத்தால் உங்கள் வசதிக்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு அதே லாட்டில் வாங்கி வையுங்கள். எலி, லாப்புவா போன்றவர்களிடம் உங்கள் ரைஃபிளைக் கொண்டுபோய்ப் பல லாட்டுகளைச் சுட்டுப் பார்த்து வாங்கும் சோதனை நிலையங்களே இருக்கின்றன.

வேகமான தோட்டா தூரத்துக்கு இன்னும் நல்லதுதானே?

கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது, நடைமுறையில் நேர்மாறு. ஹைவெலாசிட்டி தோட்டா வினாடிக்கு 380 மீட்டர் அளவில் கிளம்புகிறது. ஒலியின் வேகம் 15 டிகிரி வெப்பத்தில் வினாடிக்கு 340 மீட்டர். ஆக அந்தக் குண்டு 50 மீட்டர் வாக்கில் ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்குகிறது. இறங்கும் அந்தக் கட்டத்தில் காற்றின் எதிர்ப்பு கடுமையாகக் கூடிக் குறைகிறது, குண்டின் சமநிலையும் குலையலாம்.

இன்னொன்று பலருக்குப் புதிதாக இருக்கும்: பக்கக் காற்று ஹைவெலாசிட்டி குண்டைத்தான் அதிகம் தள்ளுகிறது. காற்று ஒரு குண்டை எவ்வளவு ஒதுக்கும் என்பது அது எவ்வளவு நேரம் பறந்தது என்பதைப் பொறுத்தது அல்ல. வழியில் எவ்வளவு வேகத்தை இழந்து தாமதமானது என்பதைப் பொறுத்தது. வேகமான .22 குண்டு ஆரம்பத்திலேயே நிறைய வேகத்தை இழந்துவிடுகிறது. மெதுவாகக் கிளம்பும் குண்டு அவ்வளவாக இழப்பதில்லை.

50 மீட்டரில் அருமையான குரூப், 200 மீட்டரில் மேலும் கீழுமாகச் சிதறுகிறது. ஏன்?

குண்டுகள் ஒரே வேகத்தில் கிளம்பவில்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம். 50 மீட்டரில் வேக வேறுபாடு கண்ணில் படாது. 200 மீட்டரில் வினாடிக்கு 10 மீட்டர் வேறுபாடு, உயரத்தில் ஏறக்குறைய 10 செ.மீ. வேறுபாடாக மாறும். சாதாரணத் தோட்டாப் பெட்டி ஒன்றுக்குள்ளேயே அந்த அளவு வேறுபாடு சர்வசாதாரணம். 50 மீட்டரில் இரண்டு தோட்டாக்கள் சமமாகத் தெரிந்தால், குரோனோகிராஃபில் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) எதன் வேகம் நெருக்கமாக நிற்கிறதோ அதைத் தூரத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது காரணம் தூரத்தையே தவறாக அளந்திருப்பது. 200 மீட்டரில் குண்டு மிகவும் சரிந்து இறங்குகிறது. 5 மீட்டர் தூரப் பிழைக்கு 10 செ.மீ. உயரப் பிழை வரும். 300 மீட்டரில் அதே 5 மீட்டருக்கு 16 செ.மீ. ஆகவே "200 மீட்டர்" என்று பலகையில் எழுதியிருப்பதை நம்பாமல் லேசர் ரேஞ்ச்ஃபைண்டரால் அளந்துகொள்ளுங்கள்.

ஸ்கோப்பில் என்ன பார்க்க வேண்டும்?

உருப்பெருக்கத்தை விட உயரத் திருகு எவ்வளவு தூரம் திரும்பும் என்பதைப் பாருங்கள். 50 மீட்டர் ஜீரோவிலிருந்து 100 மீட்டருக்கு 2.2 மில் (தூரத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கைக் காட்டும் கோண அளவு), 200 மீட்டருக்கு 8 மில், 300 மீட்டருக்கு 14 மில் அளவுக்கு ஏற்ற வேண்டியிருக்கும். ஸ்கோப்பின் மொத்தத் திருப்பம் 17 மில் என்றால், சமமான தளத்தில் பொருத்தும்போது மேல்பக்கம் கிடைப்பது அதில் பாதிதான். 200 மீட்டருக்கே அது இழுபறி. முன்பக்கம் தாழ்ந்த 20 அல்லது 30 எம்.ஓ.ஏ. (ஒரு டிகிரியின் அறுபதில் ஒரு பங்கு) தளத்தின் மேல் ஸ்கோப்பைப் பொருத்தினால் இந்தச் சிக்கல் தீரும். 30 எம்.ஓ.ஏ. என்பது 8.7 மில். ஆனால் வாங்கும் முன் கணக்குப் போடுங்கள். தளம் அளவுக்கு மீறிச் சாய்ந்திருந்தால் 50 மீட்டரில் ஜீரோவே பிடிக்காது.

அடுத்தது பேரலாக்ஸ் (கண் அசைந்தால் குறி இலக்கின் மேல் நகர்வது போலத் தோன்றும் பிழை) சரிசெய்யும் திருகு. சென்டர்ஃபயருக்காகச் செய்த பல ஸ்கோப்புகள் 100 மீட்டருக்குக் கீழே தெளிவாகாது. 25 மீட்டர் வரை இறங்கி வருவதாகப் பார்த்து வாங்குங்கள்.

பொருத்திய பிறகு ஒரு சோதனை. காகிதத்தில் தூக்குநூல் வைத்து ஒரு செங்குத்துக் கோடு வரைந்து, 50 மீட்டரில் அடியில் குறி வைத்து, 10 மில் ஏற்றிச் சுடுங்கள். குண்டு சரியாக 50 செ.மீ. மேலே, அதே கோட்டின் மேல் விழ வேண்டும். உயரம் குறைந்தால் திருகின் கிளிக் பொய் சொல்கிறது. பக்கவாட்டில் விலகினால் ஸ்கோப் சாய்ந்திருக்கிறது.

மில்லா, எம்.ஓ.ஏ.வா?

எது வேண்டுமானாலும் சரி, ஸ்கோப்பின் திருகும் அதன் கண்ணாடிக்குள் தெரியும் குறிகளும் ஒரே அளவில் இருக்கட்டும். மீட்டரில் யோசிப்பவருக்கு மில் எளிது: 100 மீட்டரில் 0.1 மில் என்பது 1 செ.மீ.

ரைஃபிள் லேசாகச் சாய்ந்தால் என்ன ஆகிவிடும்?

200 மீட்டரில் குழலின் கோட்டிலிருந்து குண்டு 2.2 மீட்டர் இறங்குகிறது. 2 டிகிரி சாய்வுக்கு அதில் 7, 8 செ.மீ. பக்கவாட்டுப் பிழை. 300 மீட்டரில் 18 செ.மீ. கண்ணால் 2 டிகிரியைக் கண்டுபிடிக்கவே முடியாது, அதுவும் சரிவான தரையில் படுத்துக்கொண்டு. ஸ்கோப்பில் ஒரு சின்னக் குமிழ்மட்டம் பொருத்துங்கள். காற்று என்று நினைத்துத் திட்டிய பல குண்டுகள் சாய்வினால் போனவை என்று அப்போது தெரியும்.

இறக்க அட்டவணையை எப்படித் தயாரிப்பது?

பாலிஸ்டிக் ஆப் (குண்டின் பாதையைக் கணக்கிடும் செயலி) ஒன்றில் குண்டின் எடை, குரோனோகிராஃபில் அளந்த சராசரி வேகம், குழல் மையத்திலிருந்து ஸ்கோப் மையம் வரையிலான உயரம், வெப்பநிலை, காற்றழுத்தம் எல்லாம் கொடுத்தால் அட்டவணை வந்துவிடும். ஸ்கோப் உயரத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளந்து கொடுங்கள். .22இல் கிட்டத் தூரங்களில் இதுதான் எல்லாவற்றையும் குழப்பும்.

ஆனால் அந்த அட்டவணை ஓர் ஊகம்தான். 50, 75, 100, 150, 200 என்று சுட்டு, உண்மையில் எத்தனை மில் தேவைப்பட்டது என்பதை எழுதுங்கள். கிட்டத்தில் பொருந்தி எட்டத்தில் விலகினால் ஆப்பில் குண்டின் பாலிஸ்டிக் கோயஃபிஷியன்ட் (காற்றில் வேகத்தை இழக்காமல் போகும் திறனைக் காட்டும்) எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பொருத்துங்கள். கடைசியில் அந்த எண்களை ஒரு அட்டையில் எழுதி ரைஃபிள் கட்டையில் ஒட்டிவிடுங்கள். வெயிலில் திரை தெரியாத போனைத் தடவிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

காற்றை எப்படிப் படிப்பது?

இந்தப் பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. முதலில் அளவு தெரிந்துகொள்வோம். வினாடிக்கு 2 மீட்டர் பக்கக் காற்று, முகத்தில் லேசாக உணரும் அளவுதான். அது குண்டை 100 மீட்டரில் சுமார் 4 செ.மீ. தள்ளும். 200 மீட்டரில் 17 செ.மீ. 300 மீட்டரில் 36 செ.மீ. தூரம் இரட்டித்தால் தள்ளல் நான்கு மடங்காகிறது என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். காற்று சாய்வாக 30 டிகிரியில் வந்தால் இதில் பாதி, 45 டிகிரியில் வந்தால் பத்தில் ஏழு பங்கு.

அளவுக்கு ஒரு காற்றுமானி போதும். ஆனால் அது உங்கள் கையருகே அடிக்கும் காற்றைத்தான் சொல்லும். நடுவழியில் மரவரிசைக்கு இடையே இடைவெளி இருந்தால் அங்கே வேறு காற்று. பல சுடுதளங்களில் பக்கச் சுவர் முடியும் இடத்தில் காற்று சுழன்று திரும்பும். அதனால் 50, 100, 150 மீட்டரில் ஒவ்வொரு மெல்லிய ரிப்பன் கட்டிய குச்சி நட அனுமதி கேளுங்கள். ரிப்பன்கள் மூன்றும் ஒரே பக்கம் ஆடும்போது சுடுவது எளிது. மூன்றும் மூன்று பக்கம் ஆடினால் விரலை விசையிலிருந்து எடுத்துவிட்டுக் காத்திருங்கள்.

வெயில் நேரத்தில் கானல் இன்னும் நல்ல வழிகாட்டி. இலக்குக்குக் கொஞ்சம் முன்னால் ஸ்பாட்டிங் ஸ்கோப்பைக் குவித்தால் காற்று ஓடை போல ஓடுவது தெரியும். கொதிக்கும் பால் பொங்குவது போல நேராக மேலே எழும்பினால் காற்று இல்லை அல்லது திசை மாறப்போகிறது. அந்த நேரத்தில் சுடாதீர்கள், அடுத்த நொடி எந்தப் பக்கம் ஓடும் என்று தெரியாது.

ஒரு நுணுக்கம். காற்று குண்டைப் பக்கவாட்டில் மட்டும் தள்ளுவதில்லை. குண்டை வலப்பக்கமாகச் சுழற்றும் குழலில், வலமிருந்து வரும் காற்று குண்டை இடப்பக்கம் தள்ளுவதோடு கொஞ்சம் மேலேயும் ஏற்றும். இடமிருந்து வந்தால் வலப்பக்கமும் கீழேயும். கடிகார முகத்தில் 10 மணிக்கும் 4 மணிக்கும் இடையே ஒரு சாய்கோட்டில் உங்கள் குண்டுகள் சிதறினால், ரைஃபிளைச் சந்தேகிக்காமல் காற்றைச் சந்தேகியுங்கள்.

நான் பின்பற்றும் முறை: அன்று அதிகம் திரும்பத் திரும்ப வரும் ஒரு காற்று நிலையைத் தேர்ந்து, அதற்கு மட்டும் திருகை வைத்து, அது வரும்போது மட்டும் சுடுவது. ஒவ்வொரு அசைவுக்கும் திருத்தம் செய்து துரத்துவதைவிட இதில் எனக்கு நல்ல பலன் கிடைக்கிறது. நேரக்கட்டுப்பாடுள்ள போட்டியில் இந்த வசதி இருக்காது. பயிற்சியில் இருக்கிறது, பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

குளிர், வெயில் எவ்வளவு பாதிக்கும்?

நிறைய. குளிரில் மருந்து மந்தமாக எரியும், பூசிய மெழுகு இறுகும், காற்று அடர்த்தியாக இருக்கும். மூன்றும் சேர்ந்து குண்டைக் கீழே இழுக்கும். ஒலியின் வேகமும் 0 டிகிரியில் 331 மீட்டர்தான். ஸ்டாண்டர்ட் தோட்டாகூட அதன் விளிம்பில் நிற்கும். தோட்டாப் பெட்டியை வெயிலில் திறந்து வைக்காதீர்கள், சுடும் வரை சூடான அறையிலும் அடைக்காதீர்கள். நிழலில், ஒரே வெப்பத்தில் இருக்கட்டும். குறிப்பேட்டில் ஒவ்வொரு நாளும் வெப்பநிலையை எழுதினால் ஒரு வருடத்தில் உங்கள் ரைஃபிளுக்கென்று ஒரு திருத்தம் கிடைத்துவிடும்.

குழலை எப்போது சுத்தம் செய்வது?

தினமும் வேண்டாம். சுத்தமான குழலின் முதல் சில குண்டுகள் தனியாக விழும். போட்டிக்கு முந்தைய இரவு பளபளவென்று துடைத்து வைத்துவிட்டு, மறுநாள் முதல் சுற்றிலேயே தவறவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒருபோதும் சுத்தம் செய்யாமல் விடுவதும் தவறு. தோட்டா உட்காரும் அறைக்குச் சற்று முன்னால் கரி ஒரு வளையமாகப் படியும். குரூப் காரணமில்லாமல் பெரிதாகத் தொடங்கினால் முதலில் அங்கே பாருங்கள். தோட்டாவைப் பின்பக்கமிருந்து உள்ளே செலுத்தும் திசையிலேயே, குழல் வழிகாட்டி வைத்துத் துடையுங்கள். குழல் வாயின் விளிம்பைத் துடைக்கும் ராடு உரசக் கூடாது.

உடலையும் கையையும் எப்படித் தயார் செய்வது?

.22 குண்டு மெதுவானது. குழலை விட்டு வெளியேற அதற்கு அதிக நேரம் ஆகிறது. விசை இழுத்த கையோடு தலையைத் தூக்கினால் குண்டு இன்னும் உள்ளே இருக்கும்போதே குழல் நகர்ந்துவிடும். சுட்ட பிறகும் கன்னம் கட்டையிலேயே இருக்கட்டும், விசையைப் பின்னால் பிடித்தபடியே இருங்கள், குண்டு காகிதத்தில் படுவதை ஸ்கோப் வழியே பார்க்க முயலுங்கள். 200 மீட்டருக்குப் போய்ச் சேர அதற்கு 0.7 வினாடி ஆகிறது, நிச்சயம் பார்க்கலாம்.

படுத்த பிறகு கண்ணை மூடி, இரண்டு முறை மூச்சு விட்டு, கண்ணைத் திறங்கள். குறி இலக்கை விட்டு விலகியிருந்தால் கையால் தள்ளாதீர்கள், இடுப்பையும் காலையும் நகர்த்தி உடல் முழுவதையும் திருப்புங்கள். வீட்டில் தோட்டா இல்லாமல் விசைப் பயிற்சி செய்வது மிக நல்லது. ஆனால் பல ரிம்ஃபயர்களில் ஊசி நேராகத் தோட்டா உட்காரும் அறையின் விளிம்பில் அடித்துப் பள்ளம் போட்டுவிடும். ரைஃபிளின் கையேட்டைப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் போலித் தோட்டா போட்டுச் செய்யுங்கள். பயிற்சி செய்யும் வீட்டு அறைக்குள் உண்மைத் தோட்டா ஒன்றுகூட இருக்கக் கூடாது.

முதல் முறை 200 மீட்டருக்குப் போகிறேன். அந்த நாளை எப்படி நடத்துவது?

காலையில் காற்று எழும்பும் முன் போய்ச் சேருங்கள். 50 மீட்டரில் 20 குண்டு சுட்டுக் குழலைப் பழக்கி, ஜீரோவை உறுதி செய்யுங்கள். 100இல் பத்து, 150இல் பத்து. எண்கள் அட்டவணையோடு ஒத்துப்போகிறதா என்று அங்கேயே எழுதுங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் 200க்குப் போகாமல் காரணத்தைத் தேடுங்கள்.

200 மீட்டரில் ஒரு மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் அளவில் பெரிய அட்டையை வையுங்கள். பின்தடுப்பு அதைவிடப் பெரிதாக இருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். சின்ன இலக்கு வைத்துத் தவறவிட்டால் குண்டு எங்கே போனது என்றே தெரியாது, ஒரு பெட்டி வீணாகும். ஐந்து குண்டு சுட்ட பிறகுதான் திருகைத் தொட வேண்டும், ஒரு குண்டைப் பார்த்துத் திருத்தாதீர்கள். ஒவ்வொரு குண்டுக்கும் முன், காற்று எந்தப் பக்கம், எவ்வளவு என்று நீங்கள் நினைத்ததை எழுதுங்கள். சுட்டபின் அது எங்கே விழுந்தது என்பதை அதன் பக்கத்தில் எழுதுங்கள். 50 குண்டு போதும் அன்றைக்கு. அதற்கு மேல் கண் களைத்துவிடும், எழுதுவதும் நின்றுவிடும்.